வளையாத தட்டுகள்

— கையக் காட்டுக்கா. மறைக்காத, காட்டு.

— சுளுக்குடி. துணி பிழிஞ்சேன்.

— எந்தத் துணியப் பிழிஞ்சா ரெண்டு கட்டைவிரலும் ஒரே மாதிரி வீங்கும்? டிஸ்க்க வளைச்சிருக்க. உங்க கம்பெனியில இருந்து எங்க லேபுக்கு சோதனைக்கு வந்த சாம்பிள் டிஸ்க்க, அந்த எறிஞ்சு விளையாடற தட்ட, கையால வளைச்சு வளைச்சு இளக வெச்சு அனுப்பியிருக்கீங்க.

— மெதுவா பேசு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு.

— கேக்கட்டும்.

— பெட்டியில கம்பெனி பேரே போட மாட்டாங்கன்னு சொல்வியே?

— பேர் இல்ல, நம்பர்தான். நேத்துக் காலையில பெட்டியத் திறக்கறேன், சில தட்டுல விளிம்புக்குக் கீழ வெள்ளை வெள்ளையா கோடு. பிளாஸ்டிக்க அளவு மீறி மடக்கினாத்தான் அப்படி வெளுக்கும். முந்தாநாள் நீ டம்ளரப் பிடிக்க முடியாம கீழ போட்டியே, அது ஞாபகம் வந்துச்சு. அப்படியே நின்னுட்டேன்.

— அப்ப பாத்துட்ட.

— பாக்காம? அதுக்குத்தான என்ன உக்கார வெச்சிருக்காங்க.

— சரி, என்ன எழுதின? பாஸா, ஃபெயிலா?

— அத விடு. யாரு செய்யச் சொன்னது?

— வேற யாரு, சூப்பர்வைசர்தான். எங்க ஆறு பேர உக்கார வெச்சாரு. வெந்நீர்ல முக்கி முக்கி வளைங்க, அழுத்தினா மடங்கற மாதிரி வரணும்னாரு. எதுக்குன்னு ஒருத்தியும் கேக்கல.

— எதுக்குன்னு நான் சொல்றேன். அந்தத் தட்டு பார்க்குல பறக்குது. சங்கிலி தொங்கற கூடைக்குள்ள எறியணும், அதான் ஆட்டம். கூடையில விழாதது எங்க போகும்? நடந்து போறவன் மேல. தள்ளுவண்டியில படுத்திருக்கற குழந்தை மேல. அதனாலதான் விளிம்ப அழுத்தினா இத்தனை எடைக்குள்ள அது மடங்கியே ஆகணும்னு விதி. இளகின தட்டு பட்டா தட்டு மடங்கும். விறைச்ச தட்டு பட்டா மண்டை பிளக்கும். உங்க முதலாளி மட்டமான சரக்கக் கலந்து கல்லு மாதிரி வார்த்துட்டு, சாம்பிள மட்டும் உங்கள விட்டு இளக்கறான். கடைக்குப் போறது பூரா கல்லு!

— அடேங்கப்பா. மேடம், கொஞ்சம் மூச்சு விடுங்க.

— கிண்டல் பண்ணாத, பத்திக்கிட்டு வருது எனக்கு. இந்த வீட்டுல இருந்து முதல்ல காலேஜ் வாசல மிதிச்சவ நான். மிதிக்க வெச்சவ நீ. அங்க இன்னைக்கும் என் இங்கிலீஷக் கேட்டு ரெண்டு பேரு உதட்டுக்குள்ள சிரிக்கறானுங்க. அந்த மேசைக்கே உன் கைவேலையக் களவா அனுப்பறியே, வெக்கமா இல்ல?

— இருந்துச்சு. சொல்லு முதல்ல. என்ன எழுதின?

— ஏன் அதையே நோண்டற?

— சொல்றேன். பேக்கிங்ல ஒரு வாயாடி இருக்காளே...

— உன்கூட பஸ்ல வருவாளே, பாட்டுப் பாடிக்கிட்டு, அவளா?

— அவதான். போன வாரம் பின்பக்கத்துல அந்தப் புதுத் தட்ட எறிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாங்க. இவ அட்டைப்பெட்டியத் தூக்கிட்டுக் குறுக்க வந்தா. புருவத்துக்குக் கீழ பட்டுச்சு. நான்தான் துண்ட வெச்சு அமுக்கினேன். என் முழங்கை வரைக்கும் வழிஞ்சுச்சு. அந்தக் கண்ணு போச்சு.

— படியில விழுந்துட்டாள்னு சொன்ன!

— அப்படித்தான் சொல்லணும்னாங்க. அவளும் அப்படியே சொல்றா, பாவம். இப்பப் பாட்டெல்லாம் இல்ல.

— படுபாவிங்க.

— அதனாலதான்டி அப்படி வளைச்சேன். மத்த அஞ்சு பேரும் பதமா வளைச்சாங்க, ஒரு தடம் தெரியாது. என் பங்க நான் வெந்நீர்ல முக்கவே இல்ல. முழங்கால்ல குடுத்து, வெளுக்கற வரைக்கும் மடக்கினேன்.

— என்னக்கா சொல்ற?

— நீ பாக்கணும்னுதான். வேற எவனாவது இருந்தா கண்டும் காணாம விட்ருவான். என் தங்கச்சி விட மாட்டாளே.

— என்கிட்ட வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே!

— அக்கா சொல்லித்தான் தங்கச்சி ஃபெயில் போட்டாங்கற பேச்சு வரும். உன் வேலைக்கு வேட்டு வெச்சிருவாங்க. தட்டே பேசட்டும்னு விட்டுட்டேன். அந்தச் சரக்கு மொத்தமும் குப்பைக்குப் போகணும். எங்க லைன மூடுவாங்க, மூடட்டும். என்னைத் துரத்தினாலும் துரத்தட்டும். இன்னொருத்தி மூஞ்சியில நான் துண்டு வெச்சு அமுக்க மாட்டேன்.

— அக்கா...

— ஏன்டி இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கற? ஃபெயில்தான? சொல்லித் தொலையேன்.

— உன் கைவேலைன்னு தெரிஞ்சா முதல்ல உன்னத்தான் வெளிய தள்ளுவாங்கன்னு, கோடு விழுந்தத மட்டும் எடுத்து ஒளிச்சிட்டேன்க்கா. மிச்சத்த அழுத்திப் பாத்து, பாஸ் போட்டு, ரிப்போர்ட்ட நேத்தே அனுப்பிட்டேன்.