மோட்டார் சுவிட்ச் என் கையில் இருந்தபோது

தம். தம். தம்.

ஓடுகிறேன். கண்ணில் சோப்பு. தலையில் நுரை. இடுப்பில் ஒரு துண்டு, அதுவும் சின்னது. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மேலே இடி நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. காலை ஏழே கால். பெங்களூர் லிங்கராஜபுரம். கீழ்வீடு எனக்கு, மேல்வீடு ரோஸ்லினுக்கு. இருவருமே வாடகை. ஆயுதம், கல்லுரலும் இரும்பு உலக்கையும். உள்ளே இஞ்சி, பூண்டு. பக்கத்து பீஜி ஹாஸ்டல்களுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பவள் அவள். ஏழு மணிக்கு இடிக்க ஆரம்பிப்பாள். நான் அப்போதுதான் வந்து படுப்பேன். ராத்திரி முழுக்கக் கம்பெனி ஆட்களை வீடு சேர்க்கும் டிரைவர் நான்.

பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டில் தட்டு, டம்ளர் எல்லாம் குதிக்கும். எல்லாரும் வாசலுக்கு ஓடுவோம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். என் உடம்புக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவள் குடிவந்த மறுநாள் மேலே தம் என்றதும் லுங்கியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஒரு நாய் நின்று பார்த்தது.

போன வாரம் ஆடுகோடிப் பக்கம் கண் சொருகியது. வண்டி தானாகப் போகிறது. பின் சீட்டுப் பெண் அலறுகிறாள். "அண்ணா, பிரேக்!"

டிவைடருக்கு ஒரு சாண். நின்றது.

அன்றைக்கு முடிவு செய்தேன். மேலே போய்ப் பேசலாம் என்று அல்ல. பழிவாங்கலாம் என்று.

முதல் தாக்குதல். ஒட்டடைக் கம்பால் கூரையைக் குத்தினேன். கம்பு முறிந்தது. சுண்ணாம்பு என் வாயில் விழுந்தது. இரண்டாவது. ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தேன். அவள் அந்தப் பாட்டுக்கே தாளம் சேர்த்து இடித்தாள்.

மூன்றாவது, மோட்டார். வாசலில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சுவிட்ச் என் சமையலறைச் சுவரில் இருக்கிறது. வீட்டுக்காரர் சந்தாபுராவில். என்னை நம்பி விட்டிருக்கிறார். ஞாயிறு போடவில்லை. திங்கள் போடவில்லை. இனி அவள் அரிசி கழுவ முடியாது. உரல் கழுவ முடியாது. படுக்கையில் கிடந்து தனியாகச் சிரித்தேன். நெஞ்சுக்குள் ஒரு பாயசம் ஓடியது.

மாடித் தொட்டி ஒன்றுதான். என் குளியலறைக்கும் அதே தண்ணீர்தான். இந்த விஷயம் செவ்வாய்க்கிழமை, தலையில் நுரையோடு, எனக்கு நினைவு வந்தது.

சுவிட்சுக்கு ஓடினேன். போட்டேன். கரண்ட் இல்லை. சம்ப் மூடியைத் தூக்கலாம் என்று வாசலுக்கு ஓடினேன். எது மூடி, எது படி, தெரியவில்லை.

இடி நின்றது. மேலிருந்து குரல்.

"அண்ணா, அசையாதீங்க! விழுந்துடுவீங்க!"

ரோஸ்லின் இறங்கி வந்தாள். கையில் பக்கெட் நிறையத் தண்ணீர். பெங்களூரில் சமையல் தொழில் செய்பவள் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்காமல் இருப்பாளா? எதிரியின் கிடங்கை நான் விசாரிக்கவே இல்லை.

"குனிங்கண்ணா. கண்ண தொறக்காதீங்க."

நடுவாசலில் மக்கால் மொண்டு என் தலையில் ஊற்றினாள். தெரு முழுக்கப் பார்த்தது. அந்த நாயும்.

"காலையிலேர்ந்து கொழாய்ல காத்துதான் வருது. மோட்டார் ரிப்பேரா?"

"ஆமாம்மா." பொய்.

"வேலைக்குக் கெளம்புறீங்களா?"

"இப்பதான் வந்தேன். நைட் டியூட்டி."

மக் பாதியில் நின்றது.

"அப்ப நான் இடிக்கிறப்பல்லாம் நீங்க..."

"முழிச்சிட்டிருப்பேன்."

"வாய் இல்லியா உங்களுக்கு? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னா?"

இதுவரை விழுந்ததில் பெரிய குண்டு இதுதான்.

பக்கெட்டை விட்டுவிட்டுப் போனாள். அன்றே உரல் மொட்டைமாடிக்குப் போனது, அடியில் சாக்கு போட்டு. இடிப்பதும் சாயங்காலத்துக்கு மாறியது. என்ன திமிர். என்னைக் கேட்காமல் எனக்கு நல்லது செய்கிறாள். விடுவேனா. எங்கள் பக்கத்தில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம். வந்ததோ பக்கெட். சந்தைக்குப் போனேன். பூண்டு வாங்கினேன். உரித்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். விரல் எரிந்தது. விளிம்பு வரை நிரப்பி அவள் வாசலில் வைத்தேன். சாகட்டும் நன்றியில்.

மறுநாள் பதிலடி. பக்கெட் திரும்பி வந்தது, பிரியாணியோடு.

வியாழன். ஏழு மணி. கீரைக்காரர் வருகிறார். "சொப்பு, சொப்பூ..." மேலிருந்து ரோஸ்லின், தெரு அதிர.

"கூகபேடப்பா! கத்தாத! கீழ அண்ணன் தூங்குறாரு!"

தெருவே எழுந்தது. நானும். அடுத்து கேஸ் வண்டி. அடுத்து ஸ்கூல் வேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கத்தல்.

ஒட்டடைக் கம்பைத் தேடினேன். முறிந்தது ஞாபகம் வந்தது. மேலே போனேன்.

"ரோஸ்லினம்மா. நீ கத்துறதுலதான் முழிப்பு வருது."

முறைத்தாள். பிறகு சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறாள். கீரைக்காரர் எங்கள் வாசலில் ரகசியம் பேசுவதுபோல் விலை சொல்கிறார். நேற்றிரவு ஆடுகோடி டிவைடர் அதன் இடத்தில் இருந்தது. நான் என் இடத்தில்.

இழப்புகள். ஒட்டடைக் கம்பு. உள்ளங்கை அளவு சுண்ணாம்பு. வலது கட்டைவிரல் நகம், பூண்டில் போனது. தெருவில் என் மானம், முழுவதும்.

எதிரி, ஒருத்தி. எனக்கு இருந்த எதிரியே அந்த ஒருத்திதான்.