இரண்டு மலைக்காரர்களும் ஓர் ஊர்ப்பெயரும்

தனியாக உட்கார்ந்து சாப்பிட எனக்கு வராது, ஐயா. படகுத்துறையில் சோற்றுக்கடை வைத்திருக்கிறவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பகல் முழுவதும் என் கடையில் ஆட்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் அவர்கள் சாப்பிடும்போது நான் பரிமாறிக்கொண்டு நிற்பேன். எல்லோரும் எழுந்து போன பிறகு, மிஞ்சிய குழம்பை ஊற்றிக்கொண்டு உட்காரும்போது எதிரே ஓர் ஆள் இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இதைத் தவிர என்னிடம் பெரிய கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. இந்த க்யிம்யிண்டைங் துறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

பீர் முகைதீன் என்பது என் பெயர். சொந்த ஊர் அதிராம்பட்டினம். ரங்கூனுக்குக் கப்பலேறும்போது எனக்கு நிக்காஹ் ஆகியிருந்தது. இந்த வருஷம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று நான் தள்ளிப்போட்டதில் அந்தப் பெண் நூர் பீவி முறைப்படி விலகி, வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் குறை இல்லை.

நீங்கள் கேட்பது லெட்பாவைப் பற்றி. அதற்கு முன்னால் மலைச்சண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜெர்மன் யுத்தத்துக்குக் கூலி ஆள் வேண்டுமென்று சர்க்கார் மணிப்பூர் மலைகளில் கேட்டது. அங்கே நாகர், குக்கி என்று மலைக்குடிகள் உண்டு. நாகர்களில் பலர் பிரான்சுக்குப் போனார்கள். குக்கித் தலைவர்கள் ஆள் தர முடியாது என்று துப்பாக்கியை எடுத்தார்கள். பட்டாளம் குக்கி ஊர்களை எரித்தது. குக்கிக் கூட்டங்கள், சர்க்கார் பக்கம் நிற்பதாக நினைத்த நாகர் ஊர்களை எரித்தன. சிந்த்வின் ஆற்றுக்கு மேற்கே போன பட்டாளத்தின் பின்னால் நான் சமையல்காரனாகப் போனேன். எரிந்த ஊர்களின் தோட்டத்தில் பறித்த பூசணிக்காயைக் குழம்பு வைத்திருக்கிறேன். நல்ல காய்கள்.

லெட்பாவ் குக்கி. சண்டை தோற்ற பிறகு அவனுடைய தலைவரைப் பர்மாவுக்குக் கொண்டுவந்து டௌங்ஜியில் காவலில் வைத்திருந்தார்கள். அவரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மலையிறங்கி வந்தவன் அவன். பிழைப்புக்காக ரங்கூனில் நின்று, மரக்கிடங்கில் கட்டை புரட்டினான். தலைவரை விடுவித்து ஊருக்கு அனுப்பிப் பல மாதம் ஆன பிறகுதான் அவனுக்குச் செய்தி வந்தது. அன்று என் கடையில் சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் இருந்தான். கடைக்கு மேலே ஓர் அறை சும்மா கிடந்தது. அங்கே தங்கிக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு வருஷம் இருந்தான். அவ்வளவு நிம்மதியான காலம் எனக்கு வாய்த்ததில்லை. விறகு பிளந்து தருவான். என்னிடமிருந்தே தமிழ் கற்றுக்கொண்டான். "பாய், சோறு ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்து எதிரே உட்காருவான். அவன் அதிகம் பேசமாட்டான். எனக்கும் பேச்சு வேண்டியிருக்கவில்லை. எதிரே ஒரு தட்டு இருந்தால் போதும்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. நான்தான் கஞ்சி ஊற்றினேன். அப்போது ஒன்று சொன்னான். சண்டைக் காலத்தில் சாங்ராய் என்ற நாகர் ஊரை எரிக்கப் போன கூட்டத்தில் அவனும் இருந்தானாம். ஒரு வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரிந்தும், வெளியே தாழிட்டிருந்த கதவை அவன் திறக்கவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு அழுதான். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, அது யுத்தம், யுத்தத்தில் எல்லோரும்தான் செய்தார்கள் என்றேன். என்னிடம் மட்டும்தான் அதைச் சொன்னான் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு சோமி வந்தான். அவன் தாங்குல் நாகன். பிரான்சில் கூலிப்படையில் இருந்தவன். திரும்பி வந்தபோது லொங்பா என்ற அவனுடைய ஊர் இல்லை. குக்கிக் கூட்டம் எரித்துவிட்டிருந்தது. தாயும் தங்கையும் அந்தத் தீயிலேயே போய்விட்டார்கள். அந்தக் கரியின்மேல் மறுபடி வீடு கட்ட மனமில்லாமல் ஆற்றோடு இறங்கி வந்து, அதே மரக்கிடங்கில் சேர்ந்திருந்தான். லெட்பாவ்தான் அவனை என் கடைக்கு அழைத்து வந்தான். முதல் சில நாள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஆனால் இரண்டு பேருக்கும் மணிப்பூரி பாஷை தெரியும். எனக்குத் தெரியாது. என்னிடம் பேசுவதென்றால் சோமி இந்துஸ்தானியில் பேசுவான். அவர்களுக்குள் மணிப்பூரிதான். மெல்ல மெல்லப் பேச்சு வளர்ந்தது. பிறகு சிரிப்பு. எதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டால், "மலைப் பேச்சு பாய், உங்களுக்குப் புரியாது" என்பான் லெட்பாவ். மரியாதையாகத்தான் சொல்வான்.

ஒரு நாள் அவனாகவே விளக்கிச் சொன்னான். வெள்ளைக்காரன் போகிற காலம் வரும், அப்போது மலை மலைக்காரர்களுக்கு ஆகவேண்டும் என்று பேசிக்கொண்டார்களாம். நாகர் மலையா குக்கி மலையா என்று கேட்டேன். "அதத்தான் பாய் ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கோம்" என்றான். அவன் கண்களில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கடையில் பாத்திரம் தேய்க்கிற நீலாம்பாள் ஒரு காலையில் சொன்னாள்: "ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரி ஆயிருச்சுங்க பாய். பாக்க நல்லா இருக்கு." நல்லாத்தான் இருக்கு என்றேன். அந்த வாரமே லெட்பாவ் என்னிடம் வந்தான். மாவ்பி பக்கம் காடு வெட்டிப் பயிர் செய்ய இடம் கிடைக்கிறதாம். இருவரும் போகிறார்களாம். "அறுப்பு முடிஞ்சா உங்களப் பாக்க வருவோம் பாய். புது அரிசி கொண்டாருவோம்" என்றான்.

அரிசி விற்கிற ஊரில் இருக்கிறவனுக்கு அரிசி கொண்டுவருகிறேன் என்றான், ஐயா. நான் தலையாட்டினேன்.

சோமி தனியாக இருக்கும் நேரம் பார்த்து அவனுக்கு ஒரு சாயா கொடுத்து உட்காரவைத்தேன். லெட்பாவ் காய்ச்சலில் சொன்னதைச் சொன்னேன். தாழிட்ட கதவைச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாங்ராய் என்று சொல்லவேண்டிய இடத்தில் லொங்பா என்று சொன்னேன். நான் மாற்றியது அது ஒன்றுதான்.

அவன் குடிக்காமல் கோப்பையை வைத்தான். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க பாய்" என்றான் இந்துஸ்தானியில். அவனிடமே கேட்டுப் பார் என்றேன். லெட்பாவ் இல்லையென்று சொல்லமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாரத்தை யாரிடமாவது இறக்கிவைக்க அவன் காத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் கடைக்குப் பின்னால், ஆற்றுப் படியில் லெட்பாவ் கால் கழுவிக்கொண்டிருந்தான். சோமி இரண்டு படி மேலே நின்று கேட்டான். எனக்கும் புரியட்டும் என்றுதானோ என்னவோ, இந்துஸ்தானியில் கேட்டான். நான் பக்கத்தில் இருக்கும்போது எனக்குப் புரிகிற பாஷையில் அவர்கள் பேசிக்கொண்டு பல மாதம் ஆகியிருந்தது.

"எங்க ஆளுங்க ஊர எரிக்கப் போன கூட்டத்துல நீ இருந்தியா?"

"இருந்தேன். ரொம்ப நாளா உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அந்த ஊரு வந்து..."

ஊர்ப்பெயரைச் சொல்ல நேரம் இல்லை. சோமியின் இடுப்பில் கிடங்கு வேலைக்கான அரிவாள் எப்போதும் இருக்கும். நான் வாசற்படியில் நின்றேன். ஏன் தடுக்கவில்லை என்று அன்றைக்கும் கேட்டீர்கள். கையில் அவர்களுக்காகப் போட்ட சோற்றுத் தட்டுகள் இருந்தன.

கோபித்துக்கொண்டு சோமி எங்காவது போய்விடுவான் என்றுதான் நினைத்ததாக நான் சொல்லலாம். பல நாள் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் பட்டாளத்தோடு அந்த மலைகளில் நடந்தவன் நான். தாயை எரித்தவன் எதிரே நின்றால் அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கொலை செய்ய வைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கு நடந்தபோது சோமியின் வக்கீல் வடிவேல் பிள்ளை கடைக்கு வந்தார். கிடங்கில் பேசிக்கொள்கிற அந்த ஊர் எரிந்த கதையை யாராவது சாட்சிக் கூண்டில் சொன்னால் தூக்கு போய்த் தீவாந்தரம் ஆகலாம் என்றார். சோமி வாயைத் திறக்கவில்லை, நீங்களாவது சொல்லுங்கள் பாய் என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அந்தமானுக்கு அனுப்பிவிட்டால் அங்கே அவனைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இங்கே இருந்தால் நான் போய்ப் பார்க்கலாம்.

போனேன். ஜெயிலில் பார்க்க விடும் நாளெல்லாம் போனேன். ஙாப்பி போட்டு மீன் வதக்கி எடுத்துப்போவேன். மீன் விழுது வாசனை மலைக்காரர்களுக்குப் பிடிக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சாப்பிடுவான், இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். அவனுக்குப் பேச வேறு யாரும் இல்லாததால் எல்லாவற்றையும் என்னிடமே சொன்னான். பிரான்சில் பார்த்த பனி, கப்பல், தங்கையின் பாட்டு. லெட்பாவைப் பற்றியும் சொன்னான். அவன் இல்லாமல் நாள் போகவில்லையாம். கடைசித் தடவை போனபோது கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உண்மையச் சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான் பாய்" என்றான். சாங்ராய் என்ற பெயர் என் நாக்கு வரை வந்தது. சாகப் போகிறவனை எதற்கு வருத்துவது என்று விட்டுவிட்டேன்.

அவனைத் தூக்கில் போட்ட பிறகு என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அது கணக்கில் வராது என்று தெரியும்.

கிடங்குப் பேச்சு மலை வரை போய், இப்போது லெட்பாவின் தம்பி அங்கிருந்து வந்து, அண்ணன் லொங்பாவுக்குப் போனதே இல்லை, அந்தப் பழி வேண்டாம் என்று உங்களிடம் மனு கொடுத்திருக்கிறான். அவன் சொல்வது சரி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே, வரும்போது பார்த்தேன். தோளும் கழுத்தும் அப்படியே அவன் அண்ணன். யாரோடும் பேச வழியில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நான் சொன்னதை அவனிடம் நீங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும். கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள், ஐயா. யோசித்துப் பார்த்தால், இந்த ரங்கூனில் அவனுக்கும் என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.