ஸ்தோயங்கா அத்தையின் பாதுகாப்பு

எனக்குச் சமைக்கத் தெரியாது, ஐயா. எதிர்வீட்டு ஸ்தோயங்கா அத்தை குடைமிளகாய் சுட்டால் எனக்கும் ஒரு தட்டு வரும். நன்றி கெட்டவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

இங்கே பிளோவ்திவ் நகரில் மாலை வகுப்பில் இணையப் பாதுகாப்பு படிக்கிறேன். அத்தையோ பிறந்த தேதி, அடையாள அட்டை, நாய்க்குட்டி எல்லாவற்றையும் தன் இணையப் பக்கத்தில் படமாகப் போடுவார். நாயின் பெயர்தான் கடவுச்சொல்.

"எவனாவது உங்க பேரைத் திருடிடுவான், அத்தை."

"திருடட்டுமே, மெத்தோதி. மூட்டுவலியையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

இப்படிப் பேசுகிறவரை அப்படியே விடுவது சரியா? நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவன் அல்ல. நிதானமாக யோசித்த பிறகே அவர் கணக்கில் நுழைந்து கடவுச்சொல்லை மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை; சொன்னால் குளிர்பெட்டியில் எழுதி ஒட்டுவார். உள்ளே நுழைய முடியாமல் அத்தை புதுக் கணக்கு தொடங்கினார். போலி என்று புகார் கொடுத்தேன், மூடிவிட்டார்கள்.

தொலைபேசியில் வெளிநாட்டுக்குப் பேசினால் காசு அதிகம் என்று, ஸ்பெயினில் வேலை பார்க்கும் மகள் எலித்சாவோடு அந்தக் கணக்கு வழியாகத்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். அதை நான் கவனிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கவனித்தேன்.

"எலித்சா ஏன்டா பேசவே மாட்டேங்குறா?" என்று கேட்பார்.

"பத்திரமா இருக்கா, அத்தை" என்பேன்.

ஆனாலும் பழைய கணக்கில் அந்நியர்கள் நட்பு கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். செத்தவர் பெயரை யாரும் சீண்டமாட்டார்கள் என்று தோன்றியது. எங்கள் ஊரில் யாராவது இறந்தால் படத்தோடு அறிவிப்பு அடித்து வாசற்கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவோம். நான் கதவில் ஒட்டவில்லை. அத்தை மனம் புண்படும். அவருடைய இணையப் பக்கத்தில் மட்டும் போட்டேன். கறுப்புக் கரை கொஞ்சம் தடித்துவிட்டதோ என்று இன்னும் சந்தேகம்.

அதைப் பார்த்த எலித்சா, அத்தை வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தாள். பெற்ற பிள்ளையின் குரலில் அழுது ஏமாற்றுகிறவர்களைப் பற்றி அத்தைக்கு நான் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன். காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

"அம்மா... நீயா பேசுற? உயிரோட இருக்கியா?"

"என் மக குரல்லயே அழுறியாடி? நல்லாத்தான் பழகியிருக்க. வேற இளிச்சவாயைப் பாரு."

வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து எலித்சா என்னை அழைத்தாள். அம்மாவின் தொலைபேசியை எவளோ எடுத்துப் பேசுகிறாள் என்றாள். உடனே விமானம் பிடிப்பதாகச் சொன்னாள். அடக்கம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அலைய வேண்டாம் என்றேன்.

நாற்பதாம் நாள், இறந்தவர் நினைவாகச் செய்யும் எங்கள் வழக்கப்படி, அங்குள்ள தேவாலயத்தில் அம்மா பெயரில் வேகவைத்த கோதுமை கொடுத்துப் படம் போட்டிருந்தாள். மனம் நெகிழ்ந்து ஓர் இதயக்குறி இட்டேன். அது அத்தையின் கணக்கிலிருந்து போய்விட்டது. அதைப் பார்த்துத்தான் அவள் உங்கள் காவல் நிலையத்துக்குப் புகார் அனுப்பினாள். கணக்கைவிட்டு வெளியேற மறக்காதே என்பது முதல் வகுப்புப் பாடம். அது ஒன்றுக்காக வெட்கப்படுகிறேன்.

எல்லாம் நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அத்தை உயிரோடிருப்பதும் தனிப்பட்ட தகவல்தானே, ஐயா. பெற்ற மகளிடம்கூட நான் அதைக் கசியவிடவில்லை.