சேனை தொட்ட விரல்

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் மின்விசிறி வைத்தது நல்ல காரியம், சாமி. முன்பெல்லாம் முழங்கால் போட்டதுமே வேர்த்துக் கொட்டும். பாதிப் பாவம் மறந்துபோகும்.

என் பெயர் இருதயநாதன். பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பொய்யே பேசாதவன் என்று அங்கே எனக்குப் பெயர். அந்த நல்ல குணம்தான் இத்தனைக்கும் காரணம்.

மூன்று வருடத்துக்கு முன் என் தம்பி மகன் ஜூடுக்குத் தில்லை நகர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் யார் சேனை என்று தேனைத் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது உங்களுக்கும் தெரியும். தாய்மாமன் சின்னையன் அதற்காகவே ஸ்ரீரங்கத்திலிருந்து தேன் பாட்டிலோடு வந்து இறங்கினார். தங்கமான மனிதர். ஆனால் இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தராதவர். எங்கள் வம்சம் அப்படியா போக வேண்டும்?

டாக்டர் சௌமியா கறாராகச் சொல்லிவிட்டார். "தாய்ப்பாலத் தவிர தண்ணிகூடக் குடுக்காதீங்க. தேன், சர்க்கரைத் தண்ணி எதுவும் வேண்டாம். கை கழுவாம யாரும் குழந்தையத் தொடாதீங்க."

சின்னையன் உடனே பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பயந்தாங்கொள்ளி. பிள்ளையின் அம்மா கண் அசந்ததும் நான் அந்தத் தேனில் விரலை விட்டேன். கெட்டுப்போன தேனாக இருக்கக்கூடாதே என்று முதலில் நானே நக்கிப் பார்த்தேன். பிறகு மறுபடி அதே விரலைத் தேனில் தோய்த்துப் பிள்ளையின் வாயில் வைத்தேன். என்னமாய்ச் சப்பினான் தெரியுமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவன் பால் குடிக்கவில்லை. உடம்பு சில்லிட்டது, மூச்சு வாங்கியது, அழுகைகூட முனகலாகிவிட்டது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, செப்சிஸ் என்றார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். பிழைப்பானா என்று ஜூடு கேட்டதற்கு, டாக்டர் எங்கள் எல்லோரையும் பார்த்துத் திருப்பிக் கேட்டார்.

"யாராவது குழந்தைக்குத் தேன் குடுத்தீங்களா? மறைக்காமச் சொல்லுங்க."

"இல்லீங்க டாக்டர்" என்றேன். அது பொய்யில்லை, சாமி. குடித்தால்தானே கொடுத்ததாக ஆகும்? நான் தொட்டுத்தான் வைத்தேன். கூடவே, "அந்த நர்ஸ் பொண்ணு ஒழுங்கா கை கழுவுச்சான்னு கேளுங்க" என்றேன். கேட்கச் சொன்னேன், அவ்வளவுதான். நர்ஸ் பஸீலா கழுவிக் கழுவித் தோல் உரிந்த கையைக் காட்டி அழுதாள். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

பிள்ளை பிழைத்துவிட்டான், தோத்திரம். ஆனால் பாருங்கள், இப்போது டிவியை உடைத்துவிட்டுக் கண்ணை இமைக்காமல் பூனையைக் கைகாட்டுகிறான். "யாரு குணம் பெரியப்பா இது?" என்று ஜூடு என்னிடமே கேட்கிறான். யோசித்துப் பார்த்ததில் விளங்கியது. அத்தனை மருந்தையும் ஏற்றி என் சேனையை அலசி எடுத்துவிட்டார்கள்.

நேற்று ஜூடுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதே ஆஸ்பத்திரிதான். பாட்டிலும் அதேதான், சட்டைப்பையில் இருக்கிறது. இந்த முறை விரலை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொள்வேன். இங்கே கேட்டதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது என்பதால்தான் இவ்வளவு மனம் விட்டுப் பேசுகிறேன்.

ஏன் சாமி எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். மன்னிப்பை இப்போதே வாங்கிக்கொண்டால், அங்கே போய்க் கை நடுங்காமல் தொட்டு வைப்பேன்.