ஹார்ப்பர் தீவில் யாருடைய முறை

டல்சி: நிறுத்து, நிறுத்து. "கடும் புயலிலும் கலங்காத மாவீரர்கள்"... யாருப்பா அது? நம்ம ஆளுங்களா?

மெர்வ்: வேற யாரு? ஹார்ப்பர் தீவு கலங்கரை விளக்கத்துக்கு நூறு வருஷம். சும்மா "விளக்கு எரிந்தது"ன்னா கல்லுல வெட்டுவாங்க?

டல்சி: எரிஞ்சது அதுதானே.

மெர்வ்: டல்சி... நாளைக்குக் காலையில கல்வெட்டுக்காரர்கிட்ட இதக் குடுக்கணும். கேலி பண்ணாமக் கேளுங்க. "1891இல் ஹோபார்ட் துறைமுகத்திலிருந்து படகில் வந்த கற்களை எருதுகள் உச்சிக்கு இழுத்தன. வானொலி வருமுன் ஆபத்துச் செய்திகளைப் புறாக்கள் சுமந்தன..."

டல்சி: எத்தன புறா போய்ச் சேந்துச்சுன்னு எழுதினியா?

மெர்வ்: மூணு விட்டா ஒண்ணு...

டல்சி: மிச்சம் ரெண்டு?

மெர்வ்: பருந்துக்கு. அதையெல்லாமா கல்லுல போடுவாங்க?

டல்சி: பாவம், பருந்துக்கும் நூறு வருஷம் ஆச்சே. சரி, மேல படி. டீக்குச் சுட்ட ஸ்கோன் ஆறுது.

மெர்வ்: "விளக்கைச் சுற்றும் கண்ணாடிக்கு முக்கால் மணிக்கு ஒரு தடவை சாவி கொடுக்க வேண்டும். தவறினால் கப்பல் பாறையில். 1961, 62இல் மூன்றாவது ஆள் வராததால், தலைமைக் காவலர் ஆல்ஃப் ரெனிக்கும் உதவியாளர் மெர்வ் பாஸ்கும் இருவராகவே முறை பார்த்தனர்..."

டல்சி: ம்... நல்லாத்தான் இருக்கு.

மெர்வ்: அவ்ளோதானா? இவ்ளோ நேரம் வரிக்கு வரி குத்தினீங்க!

டல்சி: என் புருஷன் பேரு இருக்குல்ல. போய் ஒம்போது வருஷம் ஆச்சு. கல்லுலயாவது இருக்கட்டும்.

மெர்வ்: அந்த வரியத்தான்... மாத்தலாமான்னு கேக்க வந்தேன்.

டல்சி: ஏன்? ஆல்ஃப் உனக்கு என்ன பண்ணினாரு?

மெர்வ்: ஒண்ணும் பண்ணல. அதான் விஷயமே. கடைசிப் பதினாலு மாசம் அவர் முறைக்கே வரல.

டல்சி: என்ன உளர்றே? தினமும் உங்கிட்ட முறை வாங்கிக்கிட்டது யாரு?

மெர்வ்: ஆல்ஃபோட மழைக்கோட்டு. ஆல்ஃபோட தொப்பி. ஆல்ஃபோட இருமல்... அந்த இருமல் மட்டும் கொஞ்சம் ஓவர், டல்சி.

டல்சி: இருமலுக்கு என்ன கொறச்சல்?

மெர்வ்: அவரு நூத்திப் பன்னெண்டு படியில ரெண்டு எடத்துல உக்காந்து, முழங்காலத் திட்டிக்கிட்டே வருவாரு. நீங்க தடதடன்னு ஓடி வந்துட்டு, அப்புறமா ஞாபகம் வந்து இருமுவீங்க.

டல்சி: தெரிஞ்சுக்கிட்டேவா "எப்படி இருக்கீங்க ஆல்ஃப்"னு கேட்டே? பதினாலு மாசமும்?

மெர்வ்: நீங்களும் கட்டக் குரல்ல "ம்"னு ஒண்ணு விடுவீங்களே...

டல்சி: சிரிக்காதே! வேற என்ன பண்ணச் சொல்றே? கண்ணுல புரை. தட்டுல இருக்கற மீனே அவருக்குத் தெரியல. மேலிடத்துக்குத் தெரிஞ்சிருந்தா அடுத்த படகுல அனுப்பியிருப்பாங்க. வேலையோட வீடும் போச்சு, பென்ஷனும் போச்சு. ரெண்டு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்க போய் நிக்கறது?

மெர்வ்: நான் குத்தம் சொல்லல. விளக்கச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வந்தப்பகூட, ஆல்ஃப் வெறுங்கடலக் காட்டி, "அதோ ஒரு கப்பல்"னாரு. நான்தான் பதறிப்போயி, "ஆமா, ரெண்டு புகைப்போக்கி"ன்னேன்.

டல்சி: இன்ஸ்பெக்டர்?

மெர்வ்: தலையாட்டினாரு. அவரு கண்ணு என்ன லட்சணமோ!

டல்சி: அய்யோ... தினமும் பயந்து செத்தாரு அவரு. "மெர்வுக்கு ஒண்ணும் தெரியாது, அவன் ஒரு மண்ணு"ன்னு நான்தான் தைரியம் சொல்லுவேன்.

மெர்வ்: மொத வாரமே அவரே வந்து சொல்லிட்டாரு எங்கிட்ட.

டல்சி: யாரு... ஆல்ஃபா?

மெர்வ்: செவுத்தத் தடவிக்கிட்டே வந்தாரு. "உனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக் கூடாது. உன்னையும் மாட்டி விட்டுட்டோமேன்னு நொந்துருவா"ன்னாரு.

டல்சி: திருட்டுக் கெழவன்! சாகற வரைக்கும் மூச்சு விடலியே...

மெர்வ்: அழாதீங்க.

டல்சி: யாரு அழுதா? டீ ஆவி கண்ணாடியில அடிக்குது.

மெர்வ்: அப்ப உங்க பேரப் போடட்டுமா?

டல்சி: வேணாம். கண்ணு தெரியாமச் சம்பளம் வாங்கினான்னு அவர ஊரு பேசும்.

மெர்வ்: பேசட்டும். உங்க முறையில ஒரு படகுகூட ஒடையலன்னும் பேசட்டும். நூறு வருஷத்துல அந்தத் தீவுல எத்தன பொம்பளைங்க சாவி குடுத்திருப்பாங்க? ஒரு பேரு இருக்கா?

டல்சி: எழுதி வச்சிருப்பியே. படி.

மெர்வ்: "பார்வை குன்றிய ஆல்ஃப் ரெனிக்கின் இடத்தில் அவர் மனைவி டல்சி ரெனிக்கும், உதவியாளர் மெர்வ் பாஸ்கும் சரிபாதியாக முறை பார்த்தனர். ஒரு நாளும் விளக்கு நிற்கவில்லை."

டல்சி: எல்லாம் சரி. அந்தச் "சரிபாதி"ய மட்டும் எடுத்துரு.

மெர்வ்: ஏன்? பாதி நீங்க, பாதி நான்...

டல்சி: உங்கம்மா தவறிட்டாங்கன்னு வானொலியில சேதி வந்துச்சே. படகு வர அஞ்சு வாரம் ஆகும்னாங்க. நீ ரம் பாட்டிலோட நாலு நாள் கதவச் சாத்திக்கிட்டே. அந்த நாலு நாளும் முறைக்கு ஏறிப் போனதாத்தானே இன்னிக்கு வரைக்கும் நெனச்சிக்கிட்டிருக்கே?

மெர்வ்: ஏறினேனே! பதிவேட்டுல நாலு நாளும் என் கையெழுத்து இருக்கே!

டல்சி: உன்ன மாதிரியே கோழி கிண்டினாப்புல எழுத எனக்கும் வரும், மெர்வ்.