நாலாவது பாட்டின் மாண்டலின்

அவள்: …விமர்சனம் இன்னும் முடியலைங்க, கேளுங்க. ‘ஒரே பெண், ஆறு வாத்தியம். எதைத் தொட்டாலும் அது இவர் கையிலேயே பிறந்தது போலப் பேசுகிறது.’ எப்படி?

அவன்: ம்.

அவள்: என்ன, வெறும் ம்?

அவன்: வாயில ஸ்க்ரூ வெச்சிருக்கேன். பேஞ்சோ பிரிச்சுக் கிடக்கறது தெரியலை?

அவள்: துப்பிட்டுச் சொல்லுங்க.

அவன்: நல்லாத்தான் எழுதியிருக்கான். அவனை ரெண்டு கம்பி மாத்தச் சொன்னா தெரியும், எது யார் கையில பிறந்துதுன்னு.

அவள்: அய்யோ, புகையுதே!

அவன்: எனக்கென்ன புகைச்சல்? ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல மேடைக்கு ஒரு கறுப்புச் சட்டை வந்து, சுருதி சேத்த வாத்தியத்தை உன் கையில நீட்டுது. வாத்தியம் தானா நடந்து வருதுன்னு நினைச்சுட்டான் போல, பாவம்.

அவள்: ஆல்பம் அட்டையில உங்க பேரையும் போடலாம்னு நான் சொன்னேனா இல்லையா?

அவன்: சொன்னே. கம்பெனிக்காரர் ‘எல்லாம் ஒரே ஆள்னு போட்டாத்தான் ஆல்பம் விக்கும்’னார். உடனே தலையை ஆட்டினே.

அவள்: நீங்களும்தான் ஆட்டினீங்க.

அவன்: ஆட்டறதுக்கு எனக்குத் தலை ஒண்ணுதானே மிச்சம்.

அவள்: போதும் போதும். எட்டு விமர்சனம் வந்திருக்கு. ஏழு பேர் என்னைத் தலைமேல தூக்கி வெச்சிருக்காங்க.

அவன்: எட்டாவது?

அவள்: அதுல மட்டும் என்ன அவ்வளவு அக்கறை?

அவன்: சும்மா… கேட்டேன்.

அவள்: இசை வார இதழ், வாசகர் பக்கம். ஆள் பேரைச் சொல்லலை. ‘ஓரத்து நாற்காலி’ன்னு கீழே போட்டிருக்கு.

அவன்: பேரு நல்லாயிருக்கே.

அவள்: ‘குரல் சுமார். வயலின் தயங்குகிறது. மௌத் ஆர்கன் வாசிக்கையில் மூச்சு வாங்குகிறார்.’

அவன்: அடப்பாவி… நிஜமாவே இருந்தாலும் அதை எழுதலாமா?

அவள்: என்ன சொன்னீங்க?

அவன்: விடுன்னு சொன்னேன். வேலைவெட்டி இல்லாத எவனோ.

அவள்: இருங்க, முடிவுல கொஞ்சம் கனியறான். ‘ஆல்பத்தில் உயிர் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. நாலாவது பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வரும் மாண்டலின். அந்தப் பதினோரு விநாடிக்காகவே இதை வாங்கலாம்.’

அவன்: …ரசிக்கத் தெரிஞ்சவன்.

அவள்: விநாடியை எண்ணியிருக்கான் பாருங்க.

அவன்: கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே கேட்டிருப்பான்.

அவள்: அந்த இடத்தை வாசிச்சது நீங்க.

அவன்: நானா? ஆமா, இல்ல… மறந்தே போச்சு. உனக்கு அந்த இடம் சரியா வரலைன்னு நான் வாசிச்சேன்.

அவள்: ரெண்டு நாள் டைம் கொடுத்திருந்தா எனக்கும் வந்திருக்கும்.

அவன்: வந்திருக்கும், வந்திருக்கும்.

அவள்: ஆல்பம் வந்து மூணு வாரமாச்சு. முழுசாக் கேட்டீங்களா?

அவன்: எத்தனை தடவை!

அவள்: நாலாவது பாட்டு?

அவன்: அதைத்தான் அதிகமா.

அவள்: இப்போ போடட்டுமா?

அவன்: எதுக்கு? சனிக்கிழமை கச்சேரி. இந்த பேஞ்சோ வேலை கிடக்கு…

அவள்: பதினோரு விநாடிதானே. இதோ, முதல் சரணம் முடியுது. கேளுங்க…

அவன்: …

அவள்: கேட்டுச்சா?

அவன்: மறுபடி போடு.

அவள்: எத்தனை தடவை போட்டாலும் அங்கே வயலின்தான் வரும்.

அவன்: மாண்டலின் எங்கே போச்சு?

அவள்: கடைக்கு வந்த ஆல்பத்துல மாண்டலினே கிடையாது. எந்தப் பாட்டுலயும். அது நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல, முதல்ல பதிவு பண்ணினதுல மட்டும்தான் இருக்கு. ஓரத்து நாற்காலி சாருக்கு நம்ம வீட்டுச் சாவி எப்படிங்க கிடைச்சுது?

அவன்: …

அவள்: திரும்பவும் வாயில ஸ்க்ரூவா?

அவன்: நான்தான் எழுதினேன். போதுமா? உன்னை ஊரே கொண்டாடுது. நான் பின்னாலயே பெட்டி தூக்கிக்கிட்டு வரேன். ஒருத்தனாவது அந்தப் பதினோரு விநாடியைப் பத்தி ஒரு வரி எழுதுவானான்னு ஒவ்வொரு பத்திரிகையா புரட்டினேன். ஒருத்தனும் எழுதலை. அதான் நானே எழுதிட்டேன்.

அவள்: என் குரல் சுமார்னும் நீங்களேதான் எழுதினீங்க.

அவன்: அது கோபத்துல… தப்புதாம்மா. ஆல்பத்தைக் கேக்கவே மனசு வரலை. உறையைக்கூடப் பிரிக்கலை.

அவள்: தெரியும். உங்க மேஜையில அப்படியே கிடக்கு.

அவன்: இரு, இரு. என்னைக் கூண்டுல ஏத்திட்டு நீ நழுவாதே. என் வாசிப்பை எடுத்தது யாரு?

அவள்: பழசை எதுக்குக் கிளறணும்…

அவன்: கம்பெனிக்காரரா? நல்லா இல்லைன்னாரா? சொல்லு, தாங்கிக்கறேன்.

அவள்: அவர் எதுவும் சொல்லலை.

அவன்: பின்னே?

அவள்: எடுக்கச் சொன்னது நான்தாங்க. எல்லாப் பாட்டையும் கேட்டுட்டு அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், ‘நாலாவதுல மாண்டலின் யாரு?’ன்னு. என் குரலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு என்ன வந்துச்சோ… ‘நான்தான்’னுட்டேன். ‘எங்கே, இப்ப ஒரு தடவை வாசிங்க’ன்னு மாண்டலினைக் கையில கொடுத்துட்டார். மூணு தடவை வாசிச்சேன், வரவே இல்லை… அதை எடுத்துட்டு வயலினே போட்டுக்கலாம்னேன். எங்க வீட்டுக்காரர் சுருதி சரியா சேத்து வைக்கலைன்னு சொல்லிட்டேங்க.