பொருத்தம் பாக்குற பொட்டி

...ஓசியில ஆயிரம் ஜாதக சாப்ட்வேரு கெடக்குங்கிறாங்க தம்பி. கெடந்து? ஒண்ணு சொன்னதை இன்னொண்ணு சொல்ல மாட்டேங்குதே! எதை எடுக்க, எதை விட... ஐயையோ, காலு, காலு! அந்தச் சாக்கு மேல காலை வைக்காதீங்க. உள்ள கம்ப்யூட்டர் கெடக்கு.

ஆமாங்க, கம்ப்யூட்டர்தான். கோஸு மூட்டைன்னு நெனச்சீங்களா? கண்டக்டரும் அப்படித்தான் கேட்டாரு. யோவ், கோஸு கொடைக்கானல்ல இருந்து பழனிக்கு எறங்கும்யா, பழனியில இருந்து மேல ஏறுற கோஸை நீ எங்கய்யா பாத்தேன்னேன். பொட்டிய மட்டுந்தான் எடுத்தாந்தேன். டீவி கணக்கா இருக்குமே, அது கடையிலயே கெடக்கு. பூம்பாறையில எம் மச்சினன் செவுரகலத்துக்கு டீவி மாட்டியிருக்கான், அதுல சொருகிக்கிரலாம்.

நீங்க லேப்டாப் பை வச்சிருக்கீங்க, ஒங்களுக்குப் புரியும். அதான் தேடி வந்து ஒங்க பக்கத்துல உக்காந்தேன். மொதல்ல அந்த முன் சீட்டுப் பெரியவர்ட்டத்தான் ஆரம்பிச்சேன். டேம் வர்றதுக்குள்ள தூங்கிட்டாரு. மனுசருக்குப் பொறுமையே இல்ல.

நான் குருநாதன். அடிவாரத்துல 'குருநாதன் கம்ப்யூட்டர் ஜாதகம்', பாத்திருப்பீங்க... இல்லையா? பஞ்சாமிர்தக் கடைக்கும் மொட்டை போடுற எடத்துக்கும் நடுவுல. மொட்டை போட்டுட்டு வர்றவன் தலையத் தடவிக்கிட்டே மொதல்ல என் போர்டத்தான் பாப்பான். முடி போயிருச்சு, இனி என்ன போகும்னு தெரிஞ்சுக்கிரணும்ல.

விஷயம் என்னன்னா... இன்னைக்கு மத்தியானம் பூம்பாறையில எம் மக ஜெயப்பிரியாவுக்குப் பூ வைக்கிறாங்க. பெத்தவன் நான் இங்கன வளைவுக்கு வளைவு ஒங்க மேல சாஞ்சுக்கிட்டு வர்றேன். எம் சம்சாரம் அழகம்மா போன்ல சொன்னது இம்புட்டுத்தான்: "ஒங்க கம்ப்யூட்டரு நல்ல வாக்கு சொன்னா அதைத் தூக்கிட்டு வாங்க, தட்டு மாத்த உக்காருங்க. இல்லேன்னா எங்கண்ணன் உக்காருவாரு." வச்சுட்டா. எம் மகளுக்கு எம் மச்சினன் தட்டு மாத்துவானாம்! திருமலைச்சாமி! உருளைக்கெழங்கு மூட்டைய ஒழுங்கா மாத்தத் தெரியாதவன்!

எல்லாம் இந்தப் பெங்குவினால வந்தது தம்பி.

பழைய விண்டோஸுக்கு இனிமே மருந்து மாத்திரை, அதான் அந்த அப்டேட்டு, அனுப்ப மாட்டோம்னுட்டாங்கள்ல? புதுசைப் போடலாம்னா இந்தப் பொட்டிக்கு அதைத் தாங்குற வயசு இல்லையாம். பொட்டிய மாத்துங்கிறான் எல்லாவனும். நல்லா ஓடுற மாட்ட யாராச்சும் லாடம் கெடைக்கலன்னு விப்பானா? அப்பத்தான் அந்தப் பய வந்தான். மனோஜ்குமாரு. கிளாவரைக்காரன். கொடைக்கானல்ல ஒரு லாட்ஜுல கம்ப்யூட்டர் பாக்குற சோலி. எம் மககூட காலேஜுல படிச்சவனாம். "சார், விண்டோஸத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டுருவோம், இதே பொட்டி வெரசா ஓடும், காசே வேணாம்"னான். காசே வேணாம்னு ஒருத்தன் சொன்னா வேற எதையோ எடுத்துட்டுப் போக வந்திருக்கான்னு நான் அப்பவே சுதாரிச்சிருக்கணும். ஊரு ஒலகத்துக்கெல்லாம் பலன் சொல்றேன், என் நடு வீட்டுல நடக்குறது தெரியல பாருங்க.

போட்டான். பெங்குவின் பொம்மை வந்து நின்னுச்சு, லினக்ஸுக்கு அதான் அடையாளமாம். பழனி வெயிலுக்குப் பெங்குவினு! சரி, முருகனுக்கு மயிலு, நமக்கு இதுன்னு விட்டுட்டேன்.

ஆனா என் ஜாதக சாப்ட்வேரு? அது விண்டோஸுக்குன்னே செஞ்சது. எனக்குச் சோறு போட்டது, எம் மகளப் படிக்க வச்சது. அது இல்லாம நான் பெங்குவின வச்சுக்கிட்டு மீனா விக்க முடியும்? "பயப்படாதீங்க சார், வைன் போட்டா பழசும் ஓடும்"னான். வைனா! மலையைப் பாத்தாப்ல கடை, நெத்தி நெறைய திருநீறு, என் கடையில வந்து வைனாங்கிறான்! அப்புறம் எம் மக சொன்னா, பழைய விண்டோஸ் சாமானை லினக்ஸுல ஓட்டுறதுக்குன்னு ஒரு சாப்ட்வேரு, அதுக்குப் பேரே அதுதானாம். பேரு வைக்கிறதுக்கு வேற பேரா இல்ல? போட்டான். ஓடிச்சு. குறை சொல்லக் கூடாது, முன்னயவிட நல்லாவே ஓடிச்சு.

அதோட போயிருக்கணும்ல? போகல. பிரிண்டர் வேலை செய்யலன்னு ஒரு நாளு வந்தான். தமிழ் எழுத்து கட்டங்கட்டமாத் தெரியுதுன்னு ஒரு நாளு வந்தான். வர்றப்பல்லாம் கையில ஒரு பை. பூண்டு, பிளம்ஸு, கேரட்டு... நானும் வாங்கி வாங்கி வீட்டுக்குக் குடுத்தேன். திடீர்னு ஒரு நாளு எம் மக, "அப்பா, இது அவரு ஜாதகம். எனக்கும் அவருக்கும் பொருத்தம் போட்டுப் பாருங்க"ன்னா. அவராம்! அவரு!

எனக்குப் பிடிக்கலைங்க. கிளாவரை எங்க கெடக்கு தெரியுமா? கொடைக்கானல் தாண்டி, பூம்பாறை தாண்டி, மன்னவனூர் தாண்டி... அங்குட்டு ஒரு எட்டு வச்சா கேரளா. சட்டை மேல சட்டை போட்டுக்கிட்டுத்தான் மகளப் போயிப் பாக்கணும். பூண்டுக் காட்டுல எம் மக... என்னது? எம் சம்சாரமா? அவளும் மேமலைக்காரிதான். அது வேற விஷயம் தம்பி, அதையும் இதையும் போட்டுக் கொழப்பாதீங்க.

ஆனா வாயக் குடுத்துட்டேனே. "கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படுறேன்"னு அடிச்சுச் சொல்லிட்டேன். தட்டுனேன். பத்துக்கு ஒம்பது! நானும் எத்தனையோ பேருக்குப் பாத்திருக்கேன், ஒம்பதெல்லாம் ஊருக்குள்ள ஒண்ணு ரெண்டு விழும். அது எம் வீட்டுலயா விழணும்?

என்ன செய்ய? யோசிச்சேன். "இந்தா பாரு, இது வைன் போட்டுட்டுச் சொன்ன பேச்சு. தெளிவா இருக்கிற சாப்ட்வேர்ல பாத்துத்தான் முடிவு"ன்னேன். சிரிக்காதீங்க. அன்னைக்கு எனக்கு அது பெரிய பாயிண்டாத் தெரிஞ்சுச்சு. கையோட அந்தப் பழசையும் வைனையும் அழிச்சு விட்டுட்டேன். அழிக்கிறது மட்டும் எனக்கு நல்லா வரும்.

அங்க ஆரம்பிச்சது தம்பி, சாப்ட்வேர் தேடுற சோலி! லினக்ஸுல ஒரு கடை மாதிரி தொறக்குதுல்ல, எல்லாம் ஓசி, எதை வேணும்னாலும் எடுத்துக்கங்கிறான். மொதல்ல ஒண்ணு போட்டேன். அது வடக்கத்திக்காரன் கணக்கு. பத்துக்கு இல்ல, முப்பத்தாறுக்குப் போடுறான். இருபத்தெட்டு பொருந்துதுன்னுச்சு. தூக்கிப் போட்டேன். அடுத்தது நெட்டுலயே பாக்குறது. பொறந்த ஊரு கேட்டுச்சு, கிளாவரைன்னு அடிச்சா அப்படி ஒரு ஊரே இல்லைன்னுச்சு. எனக்கு எம்புட்டுச் சந்தோஷம்! ஊரே இல்லைங்கிறான், மாப்பிள்ளை எங்க இருந்து வருவான்? ஆனா கொடைக்கானல்னு போட்டுக்கோன்னு அதுவே வழியும் சொல்லிக் குடுத்து, பொருத்தமும் இருக்குன்னுருச்சு.

ஆமாங்க. ஒத்துக்கிறேன். நல்ல சாப்ட்வேரத் தேடல, 'ஆகாது'ன்னு சொல்ற சாப்ட்வேரத்தான் தேடுனேன். எவன் தேட மாட்டான்?

கெடச்சுச்சு! அது சுத்தத் திருக்கணிதம். நாங்க எங்கப்பாரு காலத்துல இருந்து வாக்கியப் பஞ்சாங்கந்தான், என் பழைய சாப்ட்வேரும் அதே கணக்குதான். ரெண்டுக்கும் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். மத்தவங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது. எம் மக ரெண்டு நட்சத்திரம் சேர்ற சந்தியில பொறந்தவ. வாக்கியத்துல ரோகிணி, திருக்கணிதத்துல ஒரு எட்டு நகந்து மிருகசீரிடம். பய அவிட்டம். ரெண்டுஞ் சேந்தா ரஜ்ஜு தட்டும். ரஜ்ஜு தட்டிருச்சுன்னா அப்புறம் மத்த ஒம்பதும் இருந்து என்ன, இல்லாம என்ன, பேச்சை முடிச்சுக்கிட்டு எந்திரிச்சிர வேண்டியதுதான்.

பிரிண்ட் எடுத்தேன், சூட்டோட சூடா வீட்டுக்குக் கொண்டு போனேன். மக வாங்கிப் படிச்சுட்டு மடிச்சு வச்சா. அழகம்மாதான் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "நெசந்தானா?"ன்னா. நெசந்தான்னு சொல்லிட்டு வாய மூடியிருக்கலாம். மூடுனேனா? "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. வேணும்னா இதே சாப்ட்வேர்ல நம்ம ரெண்டு பேருக்கும் போட்டுக் காட்டவா?"ன்னேன். யாருமே கேக்கல தம்பி! ஒருத்தர் கேக்கல! நானாப் போயி, நானா அடிச்சு, நானா பிரிண்ட் எடுத்து, படிச்சுக்கூடப் பாக்காம அவ கையில குடுத்தேன்.

அவளும் சந்தியில பொறந்தவ. மறந்து போச்சு.

வாக்கியத்துல மகம். திருக்கணிதத்துல பூரம். நான் அனுஷம். தட்டுச்சு பாருங்க ரஜ்ஜு! எம் மகளுக்கு வெட்டுன குழியில நான் கட்டில் போட்டுப் படுத்துட்டேன்.

அவ சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா சமாளிச்சிருப்பேன். "இத்தனை வருஷமா பொருத்தம் இல்லாத எடத்துலயா சோறாக்கிக்கிட்டு இருந்தேன்?"ன்னா. இல்ல அழகம்மா, கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னேன். "இப்பத்தான் அது பொய் சொல்லாதுன்னீங்க. மகளுக்கு ஆகாத ரஜ்ஜு எனக்கு மட்டும் ஆகுமா?" அடுப்புல இருந்த கொழம்ப எறக்கி வச்சா. பீரோவுல இருந்து ஸ்வெட்டர எடுத்தா. மகளையும் கூட்டிக்கிட்டு பூம்பாறைக்கு பஸ் ஏறிட்டா. அங்க போயி அந்தப் பய வீட்டுலயே பேசி, பூ வைக்க நாளும் குறிச்சுட்டா. அந்தக் கொழம்ப மூணு வேளை வச்சுத் தின்னேன் தம்பி. பூண்டுக் கொழம்பு. அதுவும் அந்தப் பய கொண்டாந்த பூண்டு.

இப்ப என் ப்ளானு என்னன்னா... இப்படி வாங்க, பெரியவரு முழிச்சிரப் போறாரு. பழசையும் திருப்பிப் போட்டுருவோம். எனக்கும் அழகம்மாவுக்கும் பழசுல போட்டுக் காட்டுறது. பத்துக்கு எட்டு வரும், அவ எறங்கி வந்துருவா. மகளுக்கு மட்டும் புதுசுல போட்டுக் காட்டுறது. எப்படி? ஆளுக்கொரு சாப்ட்வேரு! என்ன அப்படிப் பாக்குறீங்க? பழசோட சிடி இந்தா, மடியிலயே இருக்கு. அந்த வைனை மட்டும் எப்படிப் போடுறதுன்னு நீங்க... தெரியாதா? லேப்டாப் வச்சிருக்கீங்களே, அதுல என்னதான் பண்றீங்க? கணக்கு எழுதுறீங்களா. சரி. இதை மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா... சரி விடுங்க.

இருங்க, போனு. சவரிக்காடு தாண்டுனா ஒரு எடத்துல டவர் எடுக்கும்.

ஹலோ... ஆங், அழகம்மா! வந்துக்கிட்டே இருக்கேன். பொட்டியத் தூக்கிட்டுத்தான் வர்றேன். நமக்கு எட்டு வருது, நான் சொல்றேன்ல... ம்... மகளுக்கா? அதை வந்து பேசிக்... இல்ல, அது வேற சாப்ட்... ம்... ஒரு வீட்டுக்கு ஒரே சாப்ட்வேருதானா? யாரு சொன்னது? நீயா? ம்... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... சபையில வச்சா? எல்லாரு முன்னாடியுமா?... யாரு? அவளா? குடு...

...ம். ...ம். சாப்ட்டேன்த்தா. இட்லி. ...போட்டிருக்கேன், குல்லாவும் வச்சிருக்கேன். ...ம். வர்றேன்த்தா. வர்றேன்.

...ஒண்ணுமில்ல தம்பி. குளுருக்கு மூக்கு ஒழுகுது. சாப்ட்டீங்களாப்பாங்கிறா. குல்லா எடுத்தீங்களாங்கிறா. வேற ஒண்ணும் கேக்கல. கேட்டுத் தொலைச்சாலும் பரவாயில்ல...

ஒங்ககிட்ட சொல்றதுக்கென்ன, பேரு குருநாதன் கம்ப்யூட்டர் ஜாதகம், ஆனா கம்ப்யூட்டர் அவதான். எனக்கு ஒத்த வெரலு டைப்பிங். வர்றவங்ககிட்ட நான் பேசுவேன், அவ அடிப்பா. அவ கிளாவரை போயிட்டா நான் யாருக்குப் பக்கத்துல உக்காந்து பேச? குளுரு, பூண்டு, கேரளா பார்டருங்கிறதெல்லாம்... விடுங்க.

பழசுல போட்டா எனக்கும் அழகம்மாவுக்கும் எட்டு, அவளுக்கும் அவனுக்கும் ஒம்பது. புதுசுல போட்டா நாலு பேருக்கும் ஒண்ணுமில்ல. இதுல எதைன்னு தேர்ந்தெடுக்கிறது? என்னையவிட அந்தப் பயலுக்கு ஒண்ணு கூட, அதைத்தான் ஜீரணிக்க முடியல.

பழசை ஏத்தணும்னா இப்ப ஒரே ஆளுதான். ம்ஹும்... வேற வழியில்ல. பெருமாள்மலையில வண்டி நிக்கும், இங்கன டவர் நல்லாருக்கும். அந்த ஜன்னல் கதவை ஏத்தி விடுங்க, குளுருது.

ஹலோ... நாந்தாங்க, குருநாதன். ...ஆங். கெளம்பிட்டீங்களா எல்லாரும்? ...சரி. வந்து... மா... மாப்ள. ...ஆமாங்க, மாப்ளன்னுதான் சொன்னேன். இல்லல்ல, சிக்னல் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு செய்யுங்க மாப்ள, சபை கூடுறதுக்கு முன்னாடி வெள்ளனே வந்துருங்க. வர்றப்ப அந்த வைனை மறக்காம கொண்டாந்துருங்க! ...ஆமா, எல்லாரு முன்னாடியுந்தான் வைன் போட்டுக் காட்டணும். ...சரிங்க மாப்ள. வச்சிர்றேன்.

என்னய்யா எல்லாரும் திரும்பிப் பாக்குறீங்க? அது சாப்ட்வேருய்யா! தம்பி, நீங்களாச்சும் இவங்களுக்கு எடுத்துச் சொல்... தம்பி?

யோவ் கண்டக்டரு, இங்கன ஜன்னலோரம் ஒரு தம்பி இருந்தாரே, எங்க? எறங்கிட்டாரா? கொடைக்கானலுக்குல்லய்யா டிக்கெட் எடுத்தாரு! ...நடந்தே வந்துக்கிறேன்னாரா? பாவம், வாந்தி வர்ற மாதிரி இருந்திருக்கும். நல்ல புள்ள, வாயத் தொறந்து சொல்லாது.

வாத்தா, வா, உக்காரு, சீட்டு காலிதான். நீயும் பூம்பாறைக்கா? ...ஏ, ஏ, கூடைய அந்தச் சாக்கு மேல வைக்காத! கோஸு இல்லத்தா அது. உள்ள ரெண்டு கல்யாணம் கெடக்கு.